சின்னம்மா அனுப்பிய படத்தின் பின்பக்கம்

வன்னியில், முள்ளியவளையில் இருந்த எங்கள் வீட்டின் படம் ஒன்று போன மாதம் கனடாவில் இருந்து வந்தது. அம்மா 1987இல் எழுதின கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய படம். சின்னம்மா அதை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தா.

அம்மம்மா திண்ணையில் இருக்கிறா, மடியில் அண்ணா. என் கண் போனது அவர்களுக்குப் பின்னால். முதிரை மரத்தில் செய்த கப்பு, அந்தத் தூணில் தொங்கும் அரிக்கேன் லாம்பு, மூலையில் நெல்மூட்டை அடுக்கின கோர்க்காலி, கால் வைத்த மரத்தட்டு. கோர்க்காலி என்றால் என்னவென்று மகள் கேட்டபோது கையை அகட்டிக் காட்டித்தான் விளங்கப்படுத்தியிருந்தேன். இப்போது படத்தையே காட்டினேன்.

"பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கோ சின்னம்மா."

"அதில என்ன கிடக்கு, ரெண்டு வரிதான்."

அந்த இரண்டு வரி: 'தம்பிக்குப் பல்லு முளைச்சிட்டுது. மாரிக்கு முந்திக் கூரை மேய்ஞ்சாச்சு.' தம்பி என்றது அண்ணாவைத்தான். அம்மாவின் கையெழுத்து என்று எங்களிடம் வேறொன்றும் இல்லை.

அல்பம் ஒன்று இருந்தது. 2008 கடைசியில் போர் நெருங்க, அதைச் சொப்பின் பைக்குள் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று அதுவும் எங்களோடு இடம்பெயர்ந்தது. பங்கருக்குள் ஊறின தண்ணீரில் பக்கங்கள் ஒட்டிவிட்டன. மெனிக் பாம் அகதி முகாமில் வைத்துப் பொறுமையில்லாமல் நான் உரித்தேன். முகங்கள் பொலித்தீனோடு போயின. 2010இல் ஊருக்கு வந்தால், வீடு இருந்த இடத்தில் கிணறும் சில மரங்களும்தான்.

வெள்ளையரோடு போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்குக் கற்சிலைமடுவில், அவன் தோற்ற 1803ஆம் ஆண்டைச் சொல்லும் கல் இருக்கிறது. அம்மம்மாவின் திண்ணைக்கு இந்தப் படம்தான். 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை, பற்றறிக்கும் தடை. படம் எடுப்பதே அருமை. அதற்கு முந்தியும் சரி பிந்தியும் சரி, எடுத்ததில் நல்லதை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பிவிடுவோம். அதனால்தான் தப்பியது. எங்கள் ஊர் இப்போது ரொறன்ரோவிலும் பாரிசிலும் யாரோ ஒருவரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

தயவுசெய்து ஒருக்கால் திறந்து பாருங்கோ. பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் எடுங்கோ. கடித உறையை எறியாதேங்கோ, தபால் முத்திரையில் திகதி இருக்கும். ஒட்டிப்போனதை உரிக்க வேண்டாம். லேமினேற் செய்யவே வேண்டாம், சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு எடுக்க முடியாது. படத்தில் நிற்கிறவர்களின் பெயர் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கோ.

சின்னம்மாவிடம் இன்னும் பதினாறு கடிதங்கள் இருக்கின்றன. ஞாயிறு ஞாயிறாகத் தொலைபேசியில் வாசிக்கிறா. போன கிழமை வாசித்ததில், வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த அடுத்த நாள் கிணற்றடியில் மாங்கன்று வைத்ததாக அம்மா எழுதியிருக்கிறா. அந்த மரம் நிற்கிறது. ஆர் வைத்தது என்று இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாது.