ஓட்டாத வண்டி

"ஓட்டவே ஓட்டாததை எப்படிடா மிஸ் பண்ணுவ?" இதான் நான் கேட்டது. கியரும் கிளட்சும் மிஸ் பண்றேன்னு ரிவ்யூல ஸ்லைடு போட்ட எங்க டீம் பையன்கிட்ட, எல்லார் முன்னாடியும். சிரிச்சுக்கிட்டே தான் கேட்டேன், மத்தவங்களும் சிரிச்சாங்க, அவன் மட்டும் "சரிண்ணா"ன்னு அந்த ஸ்லைடை தள்ளிட்டான்.

ஐடியா ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்ல. எலக்ட்ரிக் கார்ல பொய் கியர். ஹூண்டாய் ஐயானிக் 5 N கார்ல 2023லயே வந்தாச்சு, 8 கியர் இருக்கற மாதிரி பாவலா, மாத்துறப்ப மோட்டார் இழுவையை ஒரு கணம் குறைச்சு ஒரு குலுக்கு குலுக்கும். இவனுக்கு அதுவும் பத்தல, கிளட்ச் பெடல் வேணும், தப்பா விட்டா வண்டி ஆஃப் ஆகணும். ஆஃப் ஆகணுமாம்! மோட்டார் நின்ன இடத்துலருந்தே முழு இழுவை குடுக்குது, பெட்ரோல் இஞ்சின் மெதுவா சுத்துனா திணறும், அதனால தான் கியரும் கிளட்சும். அந்த குறையை நாம எதுக்கு திரும்ப செஞ்சு வைக்கணும்? இப்படி கேட்டிருந்தா நியாயம்.

நான் கேட்டது அது இல்லையே. லைசென்ஸே ஆட்டோமேட்டிக்ல எடுத்த பையன் "மிஸ் பண்றேன்"னான், அந்த ஒரு வார்த்தைல பிடிச்சுக்கிட்டேன். டிராஃபிக்ல ஹாஃப் கிளட்ச்லயே ஊர்ந்து முட்டி வலிச்சது, மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப வண்டி பின்னாடி போனது, கிளட்ச் கருகுற நாத்தம், எல்லாத்தையும் அடுக்குனேன். கஷ்டத்தை சொல்ற மாதிரி தான் ஆரம்பிச்சேன், பெருமை அடிச்ச மாதிரி முடிஞ்சுச்சு.

இதுல உறுத்துறது வேற. போன வருஷம் இதே டீம்ல டபுள் கிளட்ச் கதை சொன்னேன், அதான் பழைய வண்டில கியர் இறக்க கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கறது. மிதிச்சு நியூட்ரல், விட்டு ஒரு ரேஸ், திரும்ப மிதிச்சு கீழ் கியர்னு டேபிளுக்கு அடில காலை வச்சு செஞ்சு வேற காமிச்சேன். டெஸ்டிங்ல இருந்த பெரியவர் ஒருத்தர் என்கிட்ட சொன்ன கதை அது. கியர் பல்லுங்களோட வேகத்தை தானா ஒண்ணாக்கி விடுற சிங்க்ரோமெஷ் 1928ல கேடிலாக் கார்லயே வந்தாச்சு, நான் ஓட்டுன வண்டி எல்லாத்துலயும் அது இருந்துச்சு, ஒரு தடவை கூட நான் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டி வந்ததில்ல. அன்னைக்கு "எந்த வண்டிலண்ணா?"ன்னு கேட்டதும் இவன் தான். போன் வந்த மாதிரி எந்திரிச்சு போயிட்டேன்.

ஆனா நான் கியர் வண்டி ஓட்டாம இல்லையே, அவன் சுத்தமா தொட்டதே இல்லையே. வித்தியாசம் இருக்கு தான. இருக்குன்னு தான் தோணுது.

நேத்து அவன் ஸ்லைடை திறந்து பாத்தேன். பெடல் எவ்வளவு விட்டா கிளட்ச் எவ்வளவு பிடிக்கும்னு நேர்கோடா வரைஞ்சிருந்தான். அப்படி இருக்காது, கொஞ்ச தூரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் விரக்கடை தூரத்துக்குள்ள கபால்னு பிடிக்கும். அதை கமெண்ட்டா டைப் பண்ணேன், அழிச்சேன். திரும்ப டைப் பண்ணி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல.