அடிதடி வழக்கில் அபராதம் கட்டிவிட்டு வருவதற்கு முன்

கல்லூரி வாசலில் இரண்டு பையன்களுக்குள் கைகலப்பு. ஒருவனுக்கு உதடு கிழிகிறது, இன்னொருவனுக்குச் சட்டை. ராத்திரியே வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்தாலும், அதற்குள் யாராவது ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பார்கள். ஜெயிலை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை, அந்த வழக்கை எப்படி முடிக்கிறார்கள் என்பதில்தான். பத்து வருடம் கழித்தும் கூடவே வருவது அதுதான்.

முதலில் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். சாதாரணக் காயத்துக்கு 115(2): ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இது மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. ஆனால் புகாரில் "அசிங்கமாகத் திட்டி" என்று ஒரு வரி இருந்தால் 296(பி) சேரும், "வழிமறித்து" என்றிருந்தால் 126(2) சேரும். இவை இரண்டிலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஒன்று அப்படி இருந்துவிட்டால் மொத்த வழக்கையுமே அப்படித்தான் நடத்துவார்கள். எஃப்.ஐ.ஆரில் அந்த இரண்டு வார்த்தைகளும் அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

சின்ன வழக்கு பெரிதாவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். ஒரு பல் விழுந்தாலோ விரல் எலும்பு விரிசல் விட்டாலோ அது கொடுங்காயம். 117(2), ஏழு வருடம் வரை சிறை. 15 நாள் கடும் வலியில் இருந்தாலும், அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாள். ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் 118(1), மூன்று வருடம் வரை, ஜாமீனில் விட முடியாத குற்றம். காயம்பட்டவர் சொல்வதை டாக்டர் அப்படியே ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் எழுதுவார். "தெரிந்த நபர் ஒருவர் கையால் அடித்ததாக" என்பதற்கும் "ஐந்து பேர் கட்டையால் தாக்கியதாக" என்பதற்கும் சட்டத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஐந்து பேர் சேர்ந்துவிட்டாலே சட்டவிரோதக் கூட்டம், கலவரம் என்ற பிரிவுகள் வரலாம். பொது நோக்கத்தோடு துணைக்குப் போய் நின்ற நண்பனும் குற்றவாளிப் பட்டியலில் ஏறுவான். அடிபட்டது இரு தரப்பும் என்றால் இருவருமே அன்றைக்கே சிகிச்சை எடுத்துப் பதிவு செய்துகொள்வது நல்லது. இரண்டு நாள் கழித்துக் காட்டும் காயத்தை நம்ப வைப்பது கஷ்டம்.

புகார் சி.எஸ்.ஆர். ரசீது நிலையில், அதாவது புகார் வந்ததற்கு ஒப்புகை மட்டும் கொடுத்த நிலையில் இருக்கும்போது சமாதானம் ஆனால் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு அப்படி முடியாது. அதற்குப் பிறகும் "எழுதிக் கொடுத்துட்டோம், முடிஞ்சுது" என்று நம்பி வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. சம்மன் பழைய முகவரிக்குப் போகும், ஆள் இல்லை, அடுத்து பிடிவாரண்ட். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்று காவல் துறை இணையதளத்தில் தேடிவிடுங்கள்.

இனி நீதிமன்றம். வழக்கு எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) நம்பர் வாங்கி வருகிறது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, ஒரே வாய்தாவில் முடிஞ்சிடும்" என்று பக்கத்தில் நிற்கிற யாரோ சொல்கிறார். நீதிபதி கேட்கிறார், பையன் தலையாட்டுகிறான், ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டி ரசீதை மடித்துப் பையில் வைக்கிறான். கையில் இருப்பது ரசீது, ஏட்டில் இருப்பது தண்டனை! டிராஃபிக் அபராதம் மாதிரி இதை நினைக்கவே கூடாது.

அதே வாய்தாவில் செய்திருக்கக்கூடியது ராஜி. 115(2)-ஐ காயம்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம், நீதிமன்ற அனுமதிகூட வேண்டாம். 117(2)-க்கு அனுமதி வேண்டும். குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 359-இன்படி சமரசம் என்றால் விடுதலை என்றே பொருள். சிக்கல் 296(பி)-யில்: அது சமரசப் பட்டியலில் இல்லை. அப்போது இரு தரப்பும் கூட்டு சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் பிரிவு 528-இல் ரத்து கேட்க வேண்டியிருக்கும். செலவுதான், ஆனாலும் அரசு வேலை எழுதப்போகிற பையனுக்கு அது வீண் செலவு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் தாக்கியதற்கான பிரிவு 74-ஓ சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதல் நாளே வக்கீலைப் பாருங்கள்.

குற்றம் நிரூபணமானாலும் ஒரு வழி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சிறைக்கு அனுப்ப நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். கண்டித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விட்டுவிடலாம். பிரிவு 12, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. குற்றவாளி என்ற தீர்ப்பை அழிப்பதில்லை. சமுதாய சேவைத் தண்டனை கிடைக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அது சில குறிப்பிட்ட குற்றங்களுக்கு மட்டுமே, காயம் விளைவித்தலுக்குக் கிடையாது.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவில் மறுக்கலாம். 1993 அறிவிக்கையின்படி அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம். எத்தனை வருடத்துக்கு என்று உத்தரவில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

தமிழ்நாடு காவல் துறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னும் கறார். அந்தப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியானதாலோ விடுதலையானவரும் வழக்கில் ஈடுபட்டவராகவே கருதப்படுவார். அதனால் எந்தக் காரணத்தால் விடுதலை என்று தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

வேலைக்கான உறுதிமொழிப் படிவத்தில் "உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதியப்பட்டதா" என்ற கேள்வி வரும். முடிந்துபோன வழக்குக்கும் பதில் "ஆம்"தான். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் நடந்த அற்பமான விஷயம் என்றால் மறைத்ததைக்கூட முதலாளி மன்னிக்கலாம் என்றது. ஆனால் அது அவர் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. எஃப்.ஐ.ஆர். எண், வருடம், பிரிவுகள், தீர்ப்புத் தேதி எல்லாவற்றையும் எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்துவிடுங்கள். நகல் மனுவைத் தீர்ப்பு வந்த வாரமே போடுங்கள்.