மீதியை இறங்கும்போது வாங்கிக்கணுமாம்

யுகேஜி படிக்கும் மகள் நேற்று அறிவித்துவிட்டாள். பெரியவளானதும் பஸ் கண்டக்டர் ஆகப்போகிறாளாம். போன வாரம் வரை மாட்டு டாக்டர். பக்கத்து வீட்டுப் பூனை பிராண்டியதில் அந்த வேலை போய்விட்டது.

தோளில் என் பழைய பை, வாயில் விசில், விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த காகித நோட்டுகள். சோபாவில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், “சில்லறையா குடுங்க” என்று அதட்டல். பாட்டி விடுவாரா? “டவுன் பஸ்ல எங்களுக்கு ஃப்ரீ ஆச்சே!” 2021-லிருந்து அப்படித்தான். இவள் அசரவில்லை. “ஃப்ரீன்னாலும் டிக்கெட் வாங்கணும்” என்று காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினாள். சட்டம் தெரிந்த கண்டக்டர்.

வந்திருந்த உறவினருக்குத்தான் பொறுக்கவில்லை. “குகேஷ் சின்னப் பையனா இருக்கும்போதே செஸ்ல உலக சாம்பியன் ஆவேன்னு சொன்னான். 2024-ல 18 வயசுல ஆயிட்டான். நீ என்னடான்னா...” என்று ஆரம்பித்தார்.

அந்தப் பையன் அபூர்வம்தான், சரி. ஆனால் சின்ன வயதில் நான் குச்சி ஐஸ் வண்டிக்காரர் ஆக ஆசைப்பட்டேன். பெட்டி மொத்தமும் நமக்கே என்ற கணக்கு. அதை யாரும் வீடியோ எடுத்து வைக்கவில்லை, நல்லவேளை.

அப்புறம் நானும் பஸ் ஏறினேன். பத்து ரூபாய் கொடுத்தேன், டிக்கெட் ஐந்து. மீதி கேட்டால் தாளைத் திருப்பி ஏதோ கிறுக்கி, “பின்னாடி எழுதியிருக்கேன், இறங்கும்போது வாங்கிக்கோங்க” என்கிறாள்.

இன்னும் வரவில்லை.