வேலியோரத்துப் புறா

டாலஸுக்கு வந்த ஒன்பதாம் வருடம் கிரீன் கார்டு கிடைத்தது. நண்பர்கள் வீடு பார்க்கப் போனார்கள். நான் ஷாட்கன் துப்பாக்கி வாங்கினேன். "என்னங்க, கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சோளக்காட்டில் கதிர் முற்றினால் புறா வந்து மொய்க்கும். உண்டிவில்லோடு அலைந்தும் ஒன்றுகூட விழுந்ததில்லை. இப்போது அங்கே எறிந்தாலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே அரசே உரிமம் விற்கிறது, நாளைக்கு 15 புறா வரை சுடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதும் அந்தப் பழைய ஆசை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

படிப்பெல்லாம் ஒழுங்காக முடித்தேன். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியாக வேண்டும். துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. தானியம் தூவி வரவழைத்துச் சுட்டால் குற்றம். அறுவடையில் தானாகச் சிந்தியது என்றால் பரவாயில்லை. எல்லாம் சரி, எங்கே போய்ச் சுடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

டெக்ஸாஸில் நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியார் கையில். இங்கேயே பிறந்தவனுக்குத் தாத்தா பண்ணை இருக்கும், இல்லையென்றால் சர்ச்சில் பழகிய ஒரு பண்ணைக்காரர் இருப்பார். எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் மென்பொருள்காரர்கள். காசு கொடுத்து ஒரு நாள் தனியார் வயலில் நிற்கலாம்தான். நூறு டாலருக்குமேல் கேட்கிறார்கள். ஆகவே 48 டாலருக்குப் பொதுநில அனுமதிச் சீட்டு வாங்கினேன். வருடம் முழுக்கச் செல்லும். அந்த நிலங்களில் சில, அரசு விவசாயிகளிடம் புறா வேட்டைக்கென்றே குத்தகைக்கு எடுக்கும் சின்ன வயல்கள்.

செப்டம்பர் 1, டெக்ஸாஸின் வட மண்டலத்தில் புறா வேட்டைப் பருவத்தின் முதல் நாள். இரண்டு மணி நேரம் ஓட்டி, விடியற்காலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் முப்பது வண்டி. வெட்டிய சூரியகாந்தி வயலைச் சுற்றி வேலியோரமாக, பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருந்த இடைவெளியில் நானும் வாளியைப் போட்டேன். ஏழு மணிக்கு ஒருவர் காப்பிக் குவளையோடு ஆடி அசைந்து வந்து, எனக்கும் புறா வரும் வழிக்கும் நடுவில் நாற்காலியை விரித்தார். கோபத்தில் தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அவர் சிரித்துக் கையசைத்தார்.

எட்டாத உயரத்தில் ஒரு புறா தெரிந்தாலே பத்துத் துப்பாக்கி வெடிக்கும். எதிர்வரிசைக்காரர்களின் ரவை தொப்பிமேல் தூறல்போலச் சடசடவென்று விழும். காயம் படாது, ஆனாலும் முதல் தடவை உயிர் போய்விட்டுத்தான் வந்தது. ஒரு புறா விழுந்தால் அதை எடுக்க மூன்று பேர் எழுந்து போவார்கள். பத்து மணிக்குள் வெயில் மண்டையைப் பிளந்தது, காலில் நெருப்பெறும்பு. தரையெல்லாம் காலித் தோட்டா. பொறுக்க ஒருவரும் குனியவில்லை. எனக்கு அதுதான் மிகவும் எரிச்சல். அன்று எனக்குக் கிடைத்தது ஒன்று. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தபோது ஆளுக்கு இரண்டு வாய் வந்தது. அடுத்த சனிக்கிழமை போனால் புறாக்கள் அந்த வயலையே மறந்துவிட்டிருந்தன.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் விடுப்பு எடுத்துப் போனேன். வயலில் என்னைத் தவிர ஒருவருமில்லை. நாலு மணி வாக்கில் தனியாக ஒன்று வந்தது. சதுர வால், கழுத்தில் கறுப்பு வளையம். நம் கள்ளிப்புறாவேதான். 1970-களில் பஹாமாஸில் கூண்டிலிருந்து தப்பி, ஃபுளோரிடா வழியாக இந்த நாட்டின் பெரும்பகுதியில் பரவிய வெளியூர்ப் பறவை. அதற்கு இங்கே வரம்பும் இல்லை, பருவமும் இல்லை. அருமையாகச் சுட்டேன். சிறகு மடங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி விழுந்தது.

வேலிக்கம்பங்களில் ஊதா வண்ணம் அடித்திருந்தது. அத்துமீறி நுழையாதே என்று அதற்குப் பொருள். அடிபட்ட பறவையை எடுக்கவும் நிலக்காரரின் அனுமதி வேண்டும். அவர் யாரென்று தெரியாது, கண்ணுக்கெட்டியவரை ஒரு வீடும் இல்லை. எறும்பு ஏறத் தொடங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.