14ஆம் எண் சைகை

அந்த வீடியோவில் எனக்கு வேண்டியது 11 நொடிதான். அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்துகிறேன்: "ரெக்கார்ட் பண்ணிக்கலாமுங்களா அக்கா?" தறி ஓட்டுகிற அந்த அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார். பிறகு, "சரிங்க சார், பண்ணிக்கோங்க." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டுப் பேனாவை வாங்குகிறார். வாங்குவதற்குச் சற்று முன், இடது கை இடுப்பருகே, உள்ளங்கை கீழாக, இரண்டு தரம் அமுங்குகிறது.

அன்று எதிரே நின்ற என் கண்ணில் அது படவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்டு முடிப்பதற்கு முன்பே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்த என் மாணவி வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் செய்யாதே என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

காவிரிக் கரையில், பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறை. எம்.ஏ. தொடர்பியல் மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டுக்கு நான் வழிகாட்டி. தலைப்பு அவளே கொண்டுவந்தது: அவ்வளவு சத்தத்துக்குள் தறி ஓட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? அவளுடைய அம்மாவும் பத்து வருடம் தறி ஓட்டியவர். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா கையாலேயே "தண்ணி கொண்டா" என்பாராம். பாவு (நீளவாக்கு நூல்) அறுந்தால் ஒரு சைகை, ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்தால் ஒன்று, "டீ வந்தாச்சு" என்பதற்கு ஒன்று, பக்கத்துத் தறிக்காரியைக் கேலி செய்ய இரண்டு மூன்று. இருபதுக்கு மேல் சேர்த்து, படம் வரைந்து, எண் போட்டு அட்டவணை ஆக்கினாள். இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்த மாணவர் வேலைகளில் அதுதான் சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் சேர்த்தது கோட்பாடு. 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கணித அறிஞர் ஷானன், செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று போட்ட படத்தில் அனுப்புநர், தடம், பெறுநர் எல்லாம் வரிசையாக இருக்க, இரைச்சல் மட்டும் தனிக் கட்டத்திலிருந்து தடத்துக்குள் வந்து விழும். முதல் பருவத்திலேயே கரும்பலகையில் போடுகிற படம். இரைச்சல் என்றால் செய்தியைக் கெடுப்பது, அவ்வளவுதான் எங்கள் பாடம். அவள் எழுதியது வேறு. பட்டறையில் இரைச்சல் ஒரு சுவர், அதற்குப் பின்னால்தான் இவர்கள் மனம்விட்டுப் பேச முடிகிறது என்று எழுதினாள். அந்தப் பத்தியின் ஓரத்தில் "மிக நன்று" என்று எழுதியவன் நான். (அந்தச் சத்தத்தைப் பெரிதாகக் கொண்டாடவும் கூடாது. 90 டெசிபலைத் தாண்டிய இடத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களில் பலருக்கு நாற்பது வயதிலேயே காது மந்தமாகிவிடுகிறது. அவளுடைய அம்மாவுக்கும்தான்.)

படிவத்துக்குத் திரும்புகிறேன். உள்ளே போக ஓனரின் அனுமதி வேண்டியிருந்தது. நல்லபடியாகத்தான் பேசினார். "நம்ம ஆளுகதானுங்க சார், என்ன வேணாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நின்றுகொண்டார். நான் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டேன். "நம்ம ஆளுக" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே அந்த அக்காவும் நின்றிருந்தார். அவர் அங்கே முன்பணம் வாங்கியிருந்தார். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அட்வான்ஸைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்கு மாற முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். தெரியும்.

மொழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். எங்கள் வீட்டுத் திண்ணையில் கடன் கேட்டு வந்தவர்களிடம் அப்பா "பாக்கலாமுங்க" என்றால் கிடைக்காது என்று பொருள். வந்தவர்களும் புரிந்துகொண்டு மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யாரும் யாரையும் "இல்லை" என்று சொல்ல வைக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்த நான் ஒரு "சரிங்க"வைக் கேட்டவுடன் பேனாவை நீட்டினேன். அதிகாரமும் நெருக்கமும் நீ, நீங்கள் போன்ற பிரதிப்பெயர்களில் எப்படி வெளிப்படுகின்றன என்று பிரவுன், கில்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960இல் எழுதியதை வருடாவருடம் நடத்துகிறேன். நம் ஊர் "ங்க"வை அதற்கு உதாரணமாகச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவும் வைப்பேன். பிரியத்துக்கும் அதே "ங்க", மரியாதைக்கும் அதே, பயத்துக்கும் அதே என்பதை மட்டும் சொன்னதில்லை. படிவத்துடன் நின்ற அன்றுதான் அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் அன்று பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அரை மணி கழித்து ஓனர் வெளியே போனார். அந்த அக்கா ஆளே மாறிப்போனார். மாணவியின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டு ஒவ்வொரு சைகையாகச் செய்துகாட்டினார். அப்போது சொல்லிக்கொடுத்ததுதான் 14ஆம் எண். உள்ளங்கை கீழே, இடுப்பருகே, இரண்டு அமுக்கு. "இப்ப வேண்டாம், மொதலாளி நிக்கறாரு." யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். விருப்பம் இல்லாதவர் இதைச் சொல்வாரா? இப்படிக் கேட்டுத்தான் பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

துறையின் ஆண்டிறுதித் திரையிடலுக்கு எந்தப் பகுதியைப் போடுவது என்று மாணவி கேட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் போட வேண்டும் என்றேன். கீழே எழுத்தில் விளக்கமும் போடச் சொன்னேன். அரங்கம் கைதட்டியது. யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, பத்து நாளுக்குள் அது ஆற்றைத் தாண்டிப் பள்ளிபாளையம் போய்விட்டது. "என்னையப் பாத்தா கைய அமுத்துறீங்களாமா?" என்று ஓனர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அட்வான்ஸைக் கட்டச் சொல்லிவிட்டாராம். குமாரபாளையம் பக்கம் வேறொருவர் அந்தப் பணத்தைக் கட்டி அவரைத் தன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டாராம். எல்லாம் "கேட்டாராம், சொன்னாராம்"தான், மாணவியின் அம்மா வழியாகக் கேட்டது.

ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் சொன்னதை நான் ஊருக்குச் சொன்னேன். சுவர் என்று அவள் எழுதியதற்கு "மிக நன்று" போட்ட நானே சுவரில் ஓட்டை போட்டு அதற்கு விளக்கமும் எழுத வைத்தேன்.

அதன் பிறகுதான் பழைய கோப்பு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். 11 நொடி கண்ணில் பட்டது.

இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்தக் கை எனக்குச் சொன்னதா, மாணவிக்கா? எதிர்த் தறியில் இன்னொரு பெண் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருக்கிறார். சட்டகத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரிகிறது. அவருக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். "சரிங்க" என்பதற்கும் இன்னொரு காரணம் இருந்திருக்கலாம். எனக்காகத் தறியை நிறுத்தியிருந்தார், தறி நின்றால் கூலியும் நிற்கும். நான் நகர்ந்தால் போதும் என்று இருந்திருக்கலாம்.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். 110ஆவது காதலர்களுக்கு, 71ஆவது மன்னன் அவையில் நிற்பவர்களுக்கு. அரசன் முகம் படிக்கும் வேலை எதிரே நிற்கிறவனுடையது. அந்தப் பட்டறையில் அந்த அக்கா ஓனரைப் படித்தார், என்னையும் படித்தார். நான் என் படிவத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் விதியை மாற்றினேன். ஒப்புதலை வேலையிடத்தில் கேட்கக் கூடாது, வீட்டில் கேட்க வேண்டும், ஒரு நாள் விட்டு மறுபடியும் கேட்க வேண்டும். பலர் இரண்டாம் நாள் "வேண்டாமுங்க" என்றார்கள். ஆய்வுகள் மெலிந்தன. ஒரு பையன் கடைசியில் ஓனர்களை மட்டும் பேட்டி கண்டு எழுதினான். அவர்களுக்குத் தயக்கம் ஏதுமில்லை, ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆய்வேட்டைத் திருத்தும்போது எனக்கு மூச்சு முட்டியது. தறி ஓட்டுகிறவர் குரல் ஒன்றுகூட அதில் இல்லை. இதற்குத்தான் விதியை மாற்றினேனா?

அந்த அக்காவிடம் ஒரு முறை போனில் பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், பாதியிலேயே தடுத்துவிட்டார். "அட, ஒண்ணும் இல்லீங்க சார். இங்க நல்லாத்தான் இருக்கறனுங்க. அந்தப் புள்ள பாஸ் ஆயிருச்சுங்களா?" பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாராவது நின்றார்களா, கை எங்கே இருந்தது, போனில் தெரியாது.

போன மாதம் மாணவி பேசினாள். ஆய்வேட்டைக் கட்டுரையாக வெளியிட ஆசைப்படுகிறாள். "அட்டவணைய முழுசாப் போட்டுக்கலாமுங்களா சார்? இல்ல, 14ஐ மட்டும் எடுத்தரலாமுங்களா?"

"பாக்கலாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார்" என்றாள்.