வாயைப் பார்த்து இனங்காண வேண்டிய மீன்

முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து பவளப்பாறைகளின் மேல் மிதக்கும்போது, பெரிய மீன்களைத் துரத்திச் செல்வதைவிட ஒரே பாறை முகட்டின் அருகில் அசையாமல் இருப்பதே அதிகம் காட்டித் தரும். இந்தப் பயணத்தில் அப்படிக் காத்திருந்தபோது, முகத்திலிருந்து வால்வரை அகன்றுகொண்டே போகும் கரும்பட்டையும் வெளிர்நீல உடலுமாக, விரல் நீளமே உள்ள ஒரு மீன் மேலும் கீழும் துள்ளி நீந்திக்கொண்டிருந்தது. கிளீனர் ராஸ் என்னும் துப்புரவு மீன் என்று நிறத்தை வைத்துச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஆஸ்பிடோன்டஸ் என்னும் பிளென்னி மீனும் அதே பட்டையோடு, அதே துள்ளலோடு, அதே பாறைகளில்தான் திரிகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது வாய். துப்புரவு மீனுக்கு அது முகத்தின் நுனியிலேயே இருக்கிறது. போலிக்கோ, சுறாவுக்கு இருப்பதைப் போல, மூக்குக்குக் கீழே உள்ளடங்கியிருக்கிறது. நான் கண்டதற்கு வாய் நுனியில்தான் இருந்தது.

சற்று நேரத்தில் ஒரு கிளிமீன் வந்து, தலையை உயர்த்தி, வாயையும் செவுள்மூடிகளையும் விரித்து அப்படியே நின்றுவிட்டது. துப்புரவு மீன் அதன் உடலை மேய்ந்து, வாய்க்குள்ளேயே நுழைந்து வெளியே வந்தது. அது தின்பது பெரும்பாலும் நேத்தீட் எனப்படும், இரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகளை. ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தமானது வாடிக்கையாளரின் தோல்மேல் படிந்திருக்கும் சளிப்படலம் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கிளிமீன் திடீரென்று உடலை உலுக்கியதன் பொருளும் அதுவே: ஒட்டுண்ணியை விட்டுச் சளியைக் கடித்துவிட்டது! உடனே துப்புரவு மீன் தன் துடுப்புகளால் அதன் முதுகை வருடத் தொடங்கியது. கோபித்துக்கொண்டு கிளம்பும் வாடிக்கையாளரை நிறுத்திவைக்க அது கையாளும் வழக்கமான உபாயம் இது. ஆணும் பெண்ணும் சேர்ந்து துப்புரவு செய்யும்போது பெண் இப்படி ஏமாற்றினால், ஆண் அதைத் துரத்தித் தண்டிக்கிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வாடிக்கையாளர் போய்விட்டால் ஆணுக்கும் இழப்புதானே.

போலி மீனைப் பற்றிய பேச்சில், அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துப் பிழைக்கும் திருடன் என்பதே முன்னால் வந்து நிற்கிறது. கடிப்பது உண்மைதான், அதிலும் இளம் மீன்கள் கூடுதலாகக் கடிக்கின்றன. எனினும் வளர்ந்தவற்றின் முதன்மை உணவு பிற மீன்களின் முட்டைகளும் குழாய்ப்புழுக்களின் உணர்கொம்புகளுமே.