மாடி நீரும் குளியல் நீரும்: வீட்டில் செய்து பார்த்த அனுபவம்

கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பத்து நிமிடத்துக்குள் காற்றைக் கக்கத் தொடங்கிய பிறகுதான் மொட்டை மாடி மழைநீரைச் சேமிப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். எங்கள் மாடி 90 சதுர மீட்டர். தளம் உறிஞ்சுவதும் தெறிப்பதும் ஆவியாவதும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வைத்தால்கூட 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,440 லிட்டர் சேரும். கணக்குப் போட்டபோது இருந்த உற்சாகம் முதல் மழையோடு வடிந்துவிட்டது.

வடிகுழாயை நேரே தரைத்தொட்டியில் இறக்கியிருந்தோம். மறுநாள் மூடியைத் திறந்தால் நீர் செம்பழுப்பாகக் கிடந்தது. மேலே புறா இறகுகள், அடியில் விரல் கனத்துக்கு வண்டல். மாதக்கணக்கில் மாடியில் படிந்த தூசியும் எச்சமும் முதல் மழையில்தான் கழுவி வரும் என்பது தெரிந்ததுதான். அதற்காக ஒரு வால்வு வைத்து, மழை தொடங்கியதும் போய்த் திருகி விடலாம் என்று பேசிக்கொண்டோம். நள்ளிரவிலும் மழை வரும் என்பது குழாய் வேலை செய்தவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தொட்டியை முழுவதும் இறைத்துக் கழுவிய பின், ஆள் தேவைப்படாத ஏற்பாட்டைச் செய்தேன். முதல் அரை மில்லிமீட்டர் மழையை ஒதுக்க 45 லிட்டர் இடம் வேண்டும். நான்கு அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர்தான் கொள்ளும் என்பதால், வடிகுழாயின் கிளையில் 50 லிட்டர் டிரம் ஒன்றைப் பொருத்தினேன். அழுக்கு நீர் முதலில் டிரம்மை நிரப்பும்; அது நிரம்பிய பிறகே நீர் மேலேறி, ஜல்லியும் மணலும் அடுக்கிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் இட்ட சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடுத்த மழைக்குள் டிரம் காலியாகிவிடும். அந்தத் துளை இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இப்போது அதைக் குத்திவிட ஒரு கம்பித் துண்டு பக்கத்திலேயே தொங்குகிறது.

குளியல் நீரிலும் துணி துவைத்த நீரிலும் இதைவிட அதிகமாகத் தடுமாறினேன். நாள்தோறும் வரும் 200 லிட்டரைத் தொட்டியில் தேக்கிச் செடிகளுக்கு விட நினைத்தேன். இரண்டாம் நாளே அழுகிய முட்டை வாடை அடித்தது. காற்றில்லாமல் தேங்கும் சோப்பு நீர் அப்படித்தான் ஆகும். ஆகவே தேக்குவதை விட்டுவிட்டு, நீர் மெல்ல ஊர்ந்து போகும்போதே ஜல்லியும் வேர்களும் அதைச் சுத்தம் செய்யும்படி, 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள, நீர் கசியாத ஜல்லிப் படுகை ஒன்றைக் கட்டிக் கல்வாழை நட்டேன். அதில் நீர் அரை மீட்டர் உயரம் நிற்கிறது. ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடம் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொண்டால் 400 லிட்டர் பிடிக்கும், அதாவது நீர் வெளியேற இரண்டு நாளாகும். ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நீர் நிற்பதால் கொசு முட்டையிட வழியில்லை. வாய்ப்பகுதியில் கட்டிய வலைப்பையில் சேரும் தலைமுடியை வாரம் ஒருமுறை எடுப்பதுதான் இதில் அருவருப்பான வேலை. எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறை நீரையும் கழிப்பறை நீரையும் இதில் சேர்க்கவில்லை.

வெளியேறும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகிறது. கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்களுக்கும் அதை விடுவதில்லை. சில மாதங்களில் வாழை இலையின் ஓரம் கருகி, மண் இறுகிப் பொருக்குத் தட்டியது. சலவைத்தூளில் உள்ள சோடியம்தான் காரணம். சோடியம் குறைந்த திரவ சோப்புக்கு மாறினோம். அத்துடன், தொட்டி நிரம்பி வழியும் மழைநீரை வாழைப் பாத்திக்குத் திருப்பினேன். உப்பில்லாத அந்த நீர், மண்ணில் தங்கிய உப்பை வேருக்குக் கீழே இறக்குகிறது. அடுத்து விரிந்த இரண்டு குருத்துகளில் கருகல் இல்லை.